எல்லாரும் கண்ட மோட்டார் சைக்கிள்

2007ஆம் ஆண்டு சண்டைக் காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில், யாருடைய கண்ணிலும் படாமல் இருப்பதுதான் தமிழர் எங்கள் எல்லாருக்கும் முழுநேர வேலை. பெண்கள் பொட்டை அழித்துவிட்டு பஸ் ஏறினார்கள். ஆண்கள் கைத்தொலைபேசியில் தமிழ் கதைக்கும்போது குரலைத் தாழ்த்தினார்கள். ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகிற வெள்ளை வான் மாதிரி ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பினால், அது பேக்கரி வானாக இருந்தாலும் கதவுகள் சாத்தப்பட்டன. அந்தக் காலத்தில்தான், எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில், காலி வீதி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு மோட்டார் சைக்கிளைச் செய்யத் தொடங்கினான் தில்லைநாதன். விசர் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அதை அவனுடைய முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன்.

என் பெயர் பொன்னம்பலம். அதே ஒழுங்கை முகப்பில் கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தேன்; வெளிநாட்டு டெலிபோன் கோல், போட்டோக் கொப்பி, இடையிடையே மற்றவர்களின் அழுகை. என் வீட்டு யன்னல் கீழே கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்தபடி இருக்கும். அதனால் அந்த மோட்டார் சைக்கிளின் ஒவ்வொரு சத்தமும் என் தலையில்தான் விழுந்தது.

தில்லைநாதனுக்கு முப்பது தாண்டியிருக்கும். கொட்டாஞ்சேனையில் குளியலறைச் சாமான் விற்கிற ஒரு கடையில் ஸ்டோர் கீப்பர். மனைவி நாகேஸ்வரி மொண்டிசோரியில் படிப்பித்தாள். என் வீட்டுக்கு மேல்வீட்டில் இரண்டு வருடமாக இருந்தும் எனக்கு அவனுடைய முகம் மனதில் பதியவே இல்லை. அப்படி ஒரு முகம். கடைக்கு வந்து கோல் எடுத்துவிட்டுப் போனால், வந்தது யார் என்று மனிசி கேட்டால் “ஒரு பெடியன்” என்றுதான் சொல்வேன்.

கல்கிசையில் ஒரு பணக்காரப் பெடியன் விழுந்து நொருக்கின ஹொண்டா 250 அது. முன்பக்கப் பிளாஸ்டிக் முழுக்கச் சிதறி, ஒற்றை விளக்கும் உடைந்து, ஹாண்டில் வளைந்து கிடந்தது. எஞ்சினுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. அதை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். புதுப் பிளாஸ்டிக் போட்டால் வண்டி வாங்கின விலையை விடக் கூட வரும். அதனால் மிச்சமிருந்த பிளாஸ்டிக்கையும் கழற்றி எறிந்தான். உள்ளே இருந்த ஒயர், குழாய், ரேடியேற்றர் எல்லாம் வெளியே தொங்கின.

“உதென்ன தம்பி, கோது கழட்டின நண்டு மாதிரி?” என்று யன்னலில் நின்று கேட்டேன்.

“இதுக்கு ஸ்ட்ரீட் ஃபைற்றர் எண்டு பேர், அண்ணை. வெளிநாட்டிலை, உடைஞ்ச பிளாஸ்டிக்கை மாத்தக் காசில்லாத பெடியள் தொடங்கின ஸ்டைல். கழட்டி எறிஞ்சுபோட்டு அப்பிடியே ஓடுறது.”

“ஃபைற்றரோ? இந்தக் காலத்திலை ஒரு தமிழன் தன்ரை வண்டிக்கு வைக்கிற பேரே இது? றோட்டு மறிச்சுச் சென்றியிலை நிக்கிறவனுக்கு மட்டும் உந்தப் பேரைச் சொல்லிப்போடாதை.”

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தான். அந்த விஷயத்தில் அவனை விழுத்த முடியாது.

ஞாயிறுதோறும் பஞ்சிகாவத்தைக்குப் போவான். பழைய உதிரிப்பாகக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடம் அது. யாரோ கழித்துவிட்ட காட்டுப் பைக்கின் அகலமான ஹாண்டில் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினான். ஹாண்டில் உயர்ந்ததும் பிரேக் குழாய் எட்டவில்லை. ஒரு பழைய வானின் நீளமான குழாயைக் கழற்றிப் பொருத்தினான். முன்விளக்குக்கு, இன்னொரு வானின் பனி விளக்குகள் இரண்டு, வட்டமாக, பக்கத்துப் பக்கத்தில். அவற்றைத் தாங்கும் தகட்டை, மூடின ரியூசன் கொட்டில் ஒன்றின் பெயர்ப் பலகையில் வெட்டினான். பின்னால் குனிந்து பார்த்தால் ‘இரசாயனவியல்’ என்பதில் பாதி தெரியும். ரேடியேற்றரில் கல் அடிக்காமல் இருக்கக் கோழிக்கூட்டு வலை. பின்பக்கச் சட்டத்தை வெட்டி மேலே நிமிர்த்தி ஒட்டுவித்தான். சைலன்சரைப் பாதியாகக் குறைத்தான். அன்று முதன்முதலாக அதை ஸ்ரார்ட் பண்ணினபோது என் மனிசி கையிலிருந்த சொதிச் சட்டியைக் கீழே விட்டாள்.

சீற்றுக்கு மட்டும் மாளிகாவத்தைக்குப் போனான். அங்கே பஹ்மியா என்ற ஒரு பெண், புருஷன் கட்டாருக்குப் போனபிறகு அவருடைய குஷன் கடையைத் தானே நடத்திக்கொண்டிருந்தாள். முச்சக்கர வண்டி சீற்றில் வெட்டி மிஞ்சின ரெக்சின் துண்டுகளைப் பொருத்தி, ஒற்றை ஆள் இருக்கிற மாதிரி ஒரு சின்னச் சீற் தைத்துக் கொடுத்தாள். “பொஞ்சாதி எங்க ஏறுற?” என்று கேட்டாளாம். “அவ ஏறமாட்டா, பயம்” என்றானாம் இவன்.

கடைசியாக நிறம். மொட்டைமாடிக் கைபிடிக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் எனாமல் ரின் ஒன்று வாசலில் கிடந்தது. கண்ணைக் குத்துகிற மஞ்சள். அதை எடுத்து டாங்கிக்கு அடித்தான். நிறம் மாற்றினதைப் பதிவிலும் ஒழுங்காக மாற்றினான்; அதில் ஒருவரும் குறை பிடிக்க முடியாது. மஞ்சள் உடம்பும் இரண்டு உருண்டைக் கண்ணுமாக அது தவளையேதான். ஒழுங்கைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் படியில் மறித்துக் கேட்டேன்.

“எல்லாரும் பதுங்கித் திரியேக்கை நீ மட்டும் ஏன் மேளம் அடிச்சுக்கொண்டு போறாய்?”

அப்போதுதான் சொன்னான். பத்து வருடத்துக்கு முன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் இருந்தானாம். ஒரு சுற்றிவளைப்பில் பொலிஸ்காரர் எல்லாரையும் பிடித்து ஏற்றினார்கள். தெரிந்தவர்கள் வந்து ‘இவர் எங்கட ஆள்’ என்று சொன்னவர்களை அன்றே விட்டார்கள். இவனுக்கு வர ஒருவரும் இல்லை. லொட்ஜ் மனேச்சரைக் கூட்டிவந்து காட்டினபோது, அந்த மனிதர் இவனை உற்றுப் பார்த்துவிட்டு, ஞாபகம் இல்லை என்று தலையாட்டினாராம். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகு உள்ளே நடந்ததை அவன் சொல்லவில்லை. இடது தோளை முழுக்க உயர்த்த ஏலாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

“அவங்கள் பிடிக்கிறது ஒருத்தருக்கும் தெரியாத ஆளைத்தான் அண்ணை. எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளைத் தொடமாட்டாங்கள். என்ரை முகத்தை ஒருத்தரும் ஞாபகம் வைக்கினம் இல்லை. பைக்கையாவது வைக்கட்டும். எனக்குப் பின்னேரம் வீட்டை வந்து சேர வேணும். அவ்வளவுதான்.”

அதைக் கேட்டபிறகு சத்தத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பாவம் என்று இருந்தது. நாகேஸ்வரியிடமும் கேட்டேன். “உயிரோடை வந்தால் காணும் அண்ணை. தவளையிலை வந்தாலென்ன, ஆமையிலை வந்தாலென்ன” என்றாள்.

அவன் நினைத்தது நடந்தது. அதுதான் இதில் கொடுமை.

முதல் வாரம் ஒவ்வொரு சென்றியிலும் மறித்தார்கள். சந்தேகத்தில் இல்லை, ஆசையில். எங்கள் சந்திச் சென்றியில் நின்ற திலகரத்ன என்ற இளம் பொலிஸ்காரன் வண்டியை இரண்டு தடவை சுற்றிவந்து, “மல்லி, மேக்க கொஹொமத ஹெதுவே?” என்று கேட்டான். தம்பி, இதை எப்படிச் செய்தாய் என்று ஒரு பொலிஸ்காரன் ஒரு யாழ்ப்பாணத்தானைக் கேட்கிறான்! தில்லைநாதன் தன் அரைகுறைச் சிங்களத்தில் கோழிவலை வரைக்கும் விளங்கப்படுத்தினான். திலகரத்ன வயிற்றைப் பிடித்துச் சிரித்து, அதற்கு ‘கெம்பா’ என்று பெயர் வைத்தான். சிங்களத்திலும் தவளைதான். அதன்பிறகு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் எல்லாச் சென்றியிலும் கெம்பா பிரசித்தம். தூரத்தில் சத்தம் கேட்டதுமே கையைக் காட்டி “யண்ட, யண்ட” என்று அனுப்பினார்கள். அடையாள அட்டையை எடுக்கவே தேவையில்லை.

தொடர்மாடிச் சனத்துக்கு வேறென்ன வேண்டும்? மருந்து வாங்க, இருட்டினபிறகு ரியூசனில் நிற்கிற பிள்ளையை முன்னுக்கு டாங்கியில் இருத்திக் கூட்டிவர, எல்லாவற்றுக்கும் தில்லைநாதன். நானும் அவனை விட்டுவைக்கவில்லை. போட்டோக் கொப்பி மெசினுக்கு மை வாங்க மருதானைக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த மாதங்களில் அவன் நிமிர்ந்து நடந்தான். ஆனால் ஒன்று கவனித்தேன். வண்டியில் இல்லாமல் கால்நடையாகச் சந்திக்குப் போனால் திலகரத்னவே அவனை மறித்து அட்டையைக் கேட்பான். பிறகு, “ஆ, கெம்பா மல்லி!” என்று சிரிப்பான். வண்டியைத்தான் தெரிந்திருந்தது.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் சீற் ரெக்சின் தையல் விட்டுப் பஞ்சுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. சீற்றைக் கழற்றி பஹ்மியாவிடம் கொடுத்துவிட்டு, அந்த வாரம் அவன் பஸ்ஸில் வேலைக்குப் போனான். வண்டி கீழே சீற் இல்லாமல் நின்றது. அந்த வாரத்தில்தான், காலை நேரத்தில், கடற்கரைப் பக்கத்து வீதியோரம் ஒரு குண்டு வெடித்தது. வேலைக்குப் போன சனம் செத்தது. அதற்கு முதல் யாரோ ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு பையை வைத்துவிட்டுப் போனதாகக் கதை.

விசாரணைக்காரர்கள் அந்த வீதியில் எல்லாரையும் கேட்டார்கள். வித்தியாசமான மோட்டார் சைக்கிள் ஏதும் கண்டீர்களா? கண்டோம் என்றார்கள். மஞ்சள், இரண்டு கண், பெரிய சத்தம். தேத்தண்ணிக் கடைக்காரன் கண்டான், லொத்தர் விற்கிறவன் கண்டான், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிற வான்காரன் கண்டான். ஒருவரும் பொய் சொல்லவில்லை. நாள்தோறும் காண்கிற சாமான். காணாத நாளிலும் கண்ட மாதிரித்தான் ஞாபகம் நிற்கும். அன்று காலையும் கெம்பா போனதா என்று சென்றியில் கேட்டார்கள். போயிருக்கும், அது போகாத நாள் ஏது என்று திலகரத்ன சொன்னான். யாருடையது என்று கேட்டபோது, சந்தோசமாக வீட்டையும் காட்டிவிட்டான். தெரிந்த ஆள், நல்ல மல்லி, ஒரு பிரச்சினையும் வராது என்று நினைத்தானாம். அதைப் பிறகு என் கடைக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டவில்லை. பொலிஸ்காரனைத் திட்ட எனக்கென்ன விசரா?

தில்லைநாதனையும் வண்டியையும் ஒன்றாகத்தான் ஏற்றினார்கள். நாகேஸ்வரி படியில் நின்று, “பஸ்ஸிலை போனவர், பஸ்ஸிலை போனவர்” என்று தமிழிலேயே கத்தினாள். சிங்களம் அவளுக்கு நன்றாக வரும். அன்று வரவில்லை.

பஸ்ஸில் போனதற்குச் சாட்சி தேடினோம். கொண்டக்டர் பார்த்துவிட்டு, தினமும் எத்தனையோ பேர், இந்த முகம் ஞாபகம் இல்லை என்றான். கொட்டாஞ்சேனைக் கடை முதலாளியும் எங்கள் ஆள்தான், நல்ல மனுசன். நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து யோசித்தார். “அண்டைக்கு வாசல்லை பைக் நிக்கேல்லை. அது எனக்கு வடிவாத் தெரியும். அப்ப அவர் வரேல்லைப் போல” என்றார். கடையில் நாள் முழுக்க அவனோடு வேலை செய்திருக்கிறார். சாமான் எடுத்துக் கொடுத்தவனை அவருக்கு ஞாபகம் இல்லை. இதைக் கேட்டு நாகேஸ்வரி அழவில்லை; நடுரோட்டில் அப்படியே குந்திவிட்டாள்.

நானும் பஹ்மியாவும் விசாரணை நடந்த இடத்துக்குப் போனோம். அவளை நான் கூப்பிடவில்லை. விஷயத்தைக் கேள்விப்பட்டு, அந்தச் சீற்றை ஒரு சீலைப் பையில் போட்டுக்கொண்டு தானாக வந்தாள். புருஷன் இல்லாத வீடு, இரண்டு பொம்பிளைப் பிள்ளைகள், பொலிஸ் என்றால் யாருக்குத்தான் பயம் இல்லை? “சீட் என்ட கடேல ஈந்த. அத செல்லாம எப்புடி ஈக்கிற?” என்றாள். தன் கடையில் இருந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதாம்.

முதலில் என்னைக் கேட்டார்கள். சீற் இல்லாமல் வண்டி கீழே நின்றதைக் காலையில் யன்னலால் கண்டேன் என்று சொன்னேன். அவன் உனக்குச் சொந்தமா என்றார் அங்கே பெரியவராக இருந்த அதிகாரி. இல்லை என்றேன். சொந்தம் இல்லாமல் இந்தக் காலத்தில் ஒரு தமிழன் இன்னொருவனுக்காக இவ்வளவு தூரம் வருவானா என்று கேட்டு, என்னுடைய அட்டையை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.

பிறகு பஹ்மியா சீற்றை மேசையில் வைத்து, நல்ல சிங்களத்தில், இது வெடித்த நாளில் தன்னிடம் இருந்தது, இது இல்லாமல் எப்படி ஓடியிருப்பான் என்று கேட்டாள். பெரியவர் கொஞ்சம் யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. எழும்பி வளவுக்குப் போய், ஒரு இளம் கொன்ஸ்தாபிளைக் கூப்பிட்டார். அந்தப் பெடியன் தவளையை ஸ்ரார்ட் பண்ணி, சீற் இல்லாத சட்டத்துக்கு மேல் எழும்பி நின்றபடியே, வளவைச் சுற்றி ஒரு ரவுண்ட் அடித்தான். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். பெடியனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இன்னொரு ரவுண்டும் போனான்.

“ஓடலாம்தானே?” என்றார் பெரியவர்.

பஹ்மியா சீற்றைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினாள். அது இங்கே இருக்கட்டும் என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வந்தோம். மாளிகாவத்தையில் இறங்கும்போது, “நானும் காட்டிக் கொடுத்த மாதிரி ஆச்சே, ஐயா” என்றாள். இல்லை என்று சொன்னேன். அவளுக்குக் கேட்டதோ தெரியாது.

அதன்பிறகு தடுப்பு. வழக்கு இல்லை, விடுதலையும் இல்லை. நாகேஸ்வரி கிழமைக்கு ஒருமுறை சாப்பாட்டுப் பார்சலோடு போய் வரிசையில் நின்றாள். சண்டை முடிந்தது. வீதியில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் யன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். சண்டை முடிந்தால் விடுவார்கள் என்று அவள் நம்பினாள். விடவில்லை. கடைசியில் வக்கீல் ஒரு வழி சொன்னார். குண்டு வைத்ததாக இல்லை. அந்த வழியால் போனபோது ஒருவன் பை வைத்ததைக் கண்டும் அறிவிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டால், கொஞ்சக் காலம் புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வெளியே வரலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் எத்தனை வருடம் என்று கடவுளுக்கும் தெரியாது.

“அவர் அங்க நிக்கேல்லை” என்றாள் நாகேஸ்வரி. “நிண்டனான் எண்டு ஒருக்காச் சொன்னால் பிறகு எப்பவும் நிண்டதுதான்.”

ஒரு வருடம் அந்தச் சொல்லில் நின்றாள். அவனும் நின்றான். பிறகு ஒருநாள் பார்க்கப் போனபோது, கம்பிக்கு அந்தப் பக்கம் அவனுடைய தலை முழுக்க நரைத்திருந்ததாம். என் கடையில் வந்து வக்கீலுக்குக் கோல் எடுத்தாள். “சரியெண்டு சொல்லுங்கோ” என்றாள். கோலுக்கு நான் காசு வாங்கவில்லை. அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும்?

அவன் வீட்டுக்கு வந்தான். அந்த மட்டில் சரி. கொட்டாஞ்சேனைக் கடையில் திரும்ப எடுக்கவில்லை. ‘ஒப்புக்கொண்ட ஆள்’ என்றார் முதலாளி. முன்பு இவனுக்காக நெற்றியைத் தேய்த்த அதே மனுசன். தொடர்மாடிச் சனம் படியில் கண்டால் ஒதுங்கிப் போனார்கள். மருந்து வாங்க அனுப்பினவர்கள்தான். எனக்கு அவர்கள் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாகேஸ்வரி வேலைக்குப் போனபிறகு அவன் என் கடையில் வந்து வாங்கில் இருப்பான்.

ஒருநாள் கடையில் ஆட்கள் இல்லை. கடற்கரைப் பக்கத்தால் ரெயின் ஒன்று போனது. அது போய் முடியும்வரை பொறுத்திருந்து கேட்டான்.

“அண்ணை, அண்டைக்கு நான் பஸ்ஸிலதானே போனனான்?”

“ஓம். பஸ்ஸிலதான். இதென்ன கேள்வி?”

“இல்லை. அங்க எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி, எனக்கும் இப்ப அந்த ரோட்டாலை போனதுதான் ஞாபகம் வருது. கடல் காத்து முகத்திலை அடிக்குது. பை வைச்சவன்ரை சேட்டு நிறம்கூடத் தெரியுது. பஸ்ஸிலை போனது ஞாபகம் இல்லை.” என் பக்கம் திரும்பினான். “நீங்கள் அண்டைக்கு என்னைக் கண்டனீங்களோ?”

நான் அன்று கண்டது கீழே நின்ற வண்டியை. அவன் படியிறங்கிப் போனதை நான் காணவில்லை. கண்டிருந்தாலும் அந்த முகம் என் மனதில் நின்றிருக்குமா என்று எனக்கே தெரியாது. ஆனால் அவன் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையைச் சொல்ல என்னால் முடியவில்லை.

“கண்டனான்” என்றேன். “சந்தியிலை பஸ் ஏறினாய். நான் இந்த ரண்டு கண்ணாலையும் கண்டனான்.”

அவன் தலையாட்டினான். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது போலிருந்தது. பிறகு அதுவும் போய், என்னையே பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாமல், மரியாதையாகக் கேட்டான்.

“அப்ப ஏன் அண்ணை அதை அங்க சொல்லேல்லை?”